விருந்தாளி வந்தால் போடும் பாட்டு

இன்று மதியம் மகனுடைய அலுவலக நண்பர்கள் நாலு பேர் சாப்பிட வந்திருந்தார்கள். கூடம் முழுக்க பிரியாணி வாசனை. மருமகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு, மெதுவாக ஏதாவது பாட்டு போடட்டுமா மாமா என்று கேட்டாள். ஷோகேஸ் மேல் அந்தக் கறுப்பு ஸ்பீக்கர் இன்னும் இருக்கிறது. வேண்டாம் என்றேன். சொன்ன விதம் சரியில்லை. வந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் முகம் வாடி உள்ளே போய்விட்டாள். அவளிடம் காரணம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லாரும் கிளம்பிய பிறகு உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். நீ படிக்கப்போவதில்லை. எழுதுவதால் எதுவும் சரியாகப்போவதும் இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் ஒரே வாரம் சேர்ந்தோம். நீ பிரஸ் ஷாப். தகடு வெட்டும் மெஷின்கள் வரிசையாக நின்று இடித்துக்கொண்டே இருக்கும். அங்கே பேசுவதென்றால் கத்த வேண்டும், இல்லை கையைக் காட்ட வேண்டும். நான் இன்ஸ்பெக்‌ஷன். எனக்குக் கண்ணாடிக் கதவு போட்ட தனி அறை. நீ காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு நிற்பாய், பாதி நாள் அதுவும் கிடையாது. உங்கள் ஷாப்பில் காது மந்தமான வயதான ஆபரேட்டர் ஒருவர் இருந்தாரே, நினைவிருக்கிறதா? எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுவார். டீ நேரத்தில் நான் அவரைப்போல நடித்துக் காட்டுவேன். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிக்கிறவன் நீதான். உன் சிரிப்புக்காகவே இன்னும் கொஞ்சம் கூட்டி நடிப்பேன்.

பாட்டுப் பைத்தியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று உனக்குச் சொன்னதில்லை. சேர்ந்த புதிதில் மேனேஜர் வீட்டுக்கு ஒரு ஃபைலைக் கொடுக்கப் போனேன். உட்காரச் சொல்லி காபி கொடுத்தார்கள். அந்த வீட்டில் எங்கிருந்தோ வயலின் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை, அணைக்கவும் இல்லை. கவனிக்காத ஒன்றை ஓடவிட்டுக்கொண்டே சாவகாசமாகப் பேசுகிறார்களே, வசதி என்றால் இதுதான் என்று எனக்குப் பட்டது. நம் வீடுகளில் பாட்டு என்றால் வேலையை விட்டுவிட்டுக் கேட்பார்கள். ஆள் வந்தால் பட்டென்று அணைப்பார்கள். சொந்தமாக ஒரு வீடு வந்தால் நானும் இப்படித்தான் என்று அன்றைக்கே முடிவுகட்டினேன்.

அயனம்பாக்கத்தில் இந்த ஃப்ளாட்டை வாங்கியதும் முதலில் வந்த பொருள் அந்த ஸ்பீக்கர். சோஃபாகூட அதற்குப் பிறகுதான். பால் காய்ச்சிய அன்று நீ கூடத்தின் நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தாய்.

"ஆளுங்க வந்தா ரேடியோவ நிறுத்துறதுதான மச்சான் மரியாத? நீ இன்னாடா உல்ட்டாவா போட்டு உடுற?"

பட்டிக்காட்டான் என்று உன்னைக் கேலி செய்தேன்.  ஸ்பீக்கரைப் பற்றி நீ வாயைத் திறந்தது அந்த ஒரு தடவைதான்.

அதன் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள். நாங்கள் மாதா கோயிலில் பூசை முடிந்து திரும்பும்போது திருமுல்லைவாயலிலிருந்து வந்து எங்கள் வாசல் கேட் அருகே மொபெட்டோடு நிற்பாய். நீ போனில் பேசுகிற ஆளே இல்லை. சொல்ல வேண்டியது எதுவானாலும் நேரில் வந்துவிடுவாய். உள்ளே வந்ததும் நான் பாட்டைப் போடுவேன், என் மனைவி உனக்கு வடை போடுவாள். எனக்கு நேர் எதிரே இருக்கும் நாற்காலிதான் உனக்கு வேண்டும். வேறு யாராவது அதில் உட்கார்ந்திருந்தால் நின்றுகொண்டே இருப்பாய். உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாய். மூச்சுவிடாமல் பேசுவாய், ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுவாய். எப்போதாவது நான் நடுவில் புகுந்து ஒன்றைச் சொன்னால், "கரெக்ட்டு மச்சான்" என்று சிரித்துத் தலையை ஆட்டிவிட்டு உன் கதையைத் தொடர்வாய். வாயாடிப் பயல் என்று நீ போன பிறகு என் மனைவியிடம் சொல்வேன். அவள், சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் அண்ணன் கத்த மாட்டார் என்பாள். எனக்கு அது காதிலேயே விழாது.

அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். முந்தைய நாள் மாலை ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் கொடுத்தார்கள். என் மனைவிக்கு மார்பில் இருந்த கட்டி புற்றுநோய்தான் என்று உறுதியாகிவிட்டது. அவளிடம் நான் சொல்லவில்லை. மகனிடமும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே ஆள் நீ. உனக்காகத்தான் ராத்திரி முழுக்கக் காத்திருந்தேன்.

நீ வந்தாய். அவள் சமையலறையில் எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நின்றாள். அவள் காதில் விழக்கூடாதே என்று நான் எழுந்துபோய்ப் பாட்டின் சத்தத்தைக் கூட்டினேன். திரும்பி வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் வந்துவிடப்போகிறாளே என்று சமையலறை வாசலையே பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில், என்ன வியாதி, டாக்டர் என்ன சொன்னார், பிழைப்பாளா மாட்டாளா தெரியவில்லை என்று எல்லாவற்றையும் உன்னிடம் சொல்லி முடித்தேன்.  சொல்லிவிட்டு உன் பக்கம் திரும்பினேன்.

நீ சிரித்தாய். "கரெக்ட்டு மச்சான், அதான் நல்லது" என்று சொல்லிவிட்டு இன்னொரு வடையை எடுத்துக்கொண்டாய்.

அன்றோடு நீ எனக்குச் செத்துப்போனாய். எழுதவே கூசுகிறது, ஆனால் மனதுக்குள் நான் சொல்லிக்கொண்டது இந்த வார்த்தையைத்தான். அடுத்த ஞாயிறு நீ வந்தபோது நான் இல்லை என்று சொல்லவைத்தேன். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. எப்படியோ உனக்குச் செய்தி எட்டி, ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாய். வராந்தாவில் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாய். உன் கண் கலங்கியிருந்தது.

"ஏன் மச்சான், எங்கைல ஒரு வார்த்த சொல்லல?"

நர்ஸ் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். என்ன நடிப்பு இவனுக்கு என்று எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. உலகத்திலேயே முதலில் உன்னிடம்தானே சொன்னேன். கையை உதறிக்கொண்டு வார்டுக்குள் போய்விட்டேன். நீ ரொம்ப நேரம் அங்கேயே நின்றதாக என் மனைவி பிறகு சொன்னாள்.

அவள் பிழைத்துக்கொண்டாள். முடி கொட்டி, மறுபடி முளைத்து, ஒரு வருடத்தில் பழையபடி அடுப்படிக்கு வந்துவிட்டாள். என் கோபம் மட்டும் ஆறவில்லை. அண்ணனிடம் ஒரு தடவை போய் என்னவென்றுதான் கேளுங்களேன் என்று எத்தனையோ முறை கெஞ்சினாள். நான் வீம்பு பிடித்தவன், உனக்குத் தெரியாததா? மூன்று வருடம் ஓடியது. பிறகு ஒரு காலையில் பழைய கம்பெனிக்காரர் ஒருவர் போன் செய்து, மாரடைப்பில் நீ போய்விட்டாய் என்றார். வந்தேன். தெருக்கோடியில் நின்றேன். மாலை வாங்கி வந்திருந்தேன், அதைப் போடக்கூட முன்னால் வரவில்லை.

பத்து நாள் கழித்துத்தான் உன் வீட்டு வாசற்படி ஏறினேன். உன் மனைவி எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அலமாரியிலிருந்து சின்ன டப்பா ஒன்றை எடுத்து வந்து திறந்து காட்டினார். காதுக்கு வைக்கிற மெஷின். பிரிக்காத பிளாஸ்டிக் உறையோடு அப்படியே இருந்தது.

"பையன் வாங்கியாந்து குடுத்தாண்ணா. ஒரு நாளு வச்சிக்கல. பத்து வருசமாவே அவருக்குக் காது கேக்காது. எதிர்ல நின்னு மூஞ்சப் பாத்துப் பேசுனா வாயசைவுல புரிஞ்சிக்குவாரு. பாட்டு கீட்டு ஓடிகினு இருந்தா ஒண்ணுமே புரியாது. உங்க ஊட்டுக்குப் போயாந்தா அன்னிக்கு முழுக்க தலவலின்னு படுத்துக்குவாரு. ஆனா போவாம இருக்க மாட்டாரு."

அப்படியானால் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். எல்லாரிடமும் சொன்னாலும் உங்களிடம் மட்டும் சொல்லக்கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார் என்றார். காரணம் உன் மனைவிக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. டீக்கடை பெஞ்சில் அந்தக் கிழவரைப்போல வாயைப் பிளந்து தலையை ஆட்டிக் காட்டியவன் நான்தானே. அத்தனை வருடமும் என் வீட்டில் உட்கார்ந்து அந்தக் கிழவர் செய்ததையே நீ செய்துகொண்டிருந்தாய். உற்ற நண்பன் என்று சொல்லிக்கொண்ட எனக்கு அது கண்ணில் படவில்லை. எப்படிப் படும்? விருந்தாளிக்கு ஒரு குறையும் வைக்காத வீடு என்று என் வீட்டைப் பார்த்து நானே பூரித்துக்கொண்டிருந்தேன்.

ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். தெரியாமல் செய்தது, கடவுள் மன்னிப்பார் என்றார். மன்னிக்கட்டும். கடவுளிடம் நான் ஒன்றும் வடைத் தட்டை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லையே. என் மனைவியிடம் சொன்னபோது அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு போய் ஜன்னலருகே நின்றாள். அன்றிலிருந்து இந்த வீட்டில் யார் வந்தாலும் பாட்டு கிடையாது. அது பரிகாரம் என்று நான் நினைக்கவில்லை. இனி அமைதியாக இருந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது?

இன்னும் ஒன்று இருக்கிறது. அன்று நான் எழுந்து செருப்பை மாட்டும்போது உன் மனைவி வாசல்வரை வந்தார். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கிவிட்டு, கடைசியில் கேட்டார்.

"அவரு உங்களுக்கு இன்னா தப்புண்ணா பண்ணாரு? சாவுற வரைக்கும் அதயேதான் கேட்டுகினு இருந்தாரு. நான் இன்னா பண்ணேன், நான் இன்னா பண்ணேன்னு."

சொல்லியிருக்கலாம். அவன் எதுவும் செய்யவில்லை அம்மா, தப்பு முழுக்க என்னுடையது என்று இரண்டே வரி. என் மனைவியிடமும் ஃபாதரிடமும் பிறகு சொல்ல முடிந்தது. உன் வாசலில், அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, விடுங்க" என்றேன்.  அவர் இரண்டு கைகளையும் கூப்பினார்.

"உங்களுக்குப் பெரிய மனசுண்ணா" என்றார்.

செத்துப்போனவன் மானத்தைக் காப்பாற்ற நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைத்துவிட்டார். நான் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. உன் வீட்டில் இன்றுவரை தப்பு செய்தவன் நீ, மன்னித்தவன் நான்.