ஒட்டி நிற்கும் மூன்று காய்கள்

நெஃப்தா,
ஜூலை மாதம்.

அன்புள்ள தய்யிபுக்கு,

மப்ரூகா எழுதுவது. இறைவன் அருளால் நலம். ஆடு இரண்டு குட்டி போட்டது. உங்கள் அம்மா இருந்தவரை எனக்குப் பேச்சுத்துணை இருந்தது. இப்போது குட்டிகளோடுதான் பேசுகிறேன்.

வாசல் பேரீச்சை இந்த வருடம் பொய்த்துவிட்டது. பாளை வெடித்ததும், தோட்டத்து மரங்களுக்கெல்லாம் ஏறும் ஹஷ்மி மாமா பெண் பாளையில் கட்ட ஆண் மரத்துப் பூங்கொத்தோடு வந்தார். நம் கல்யாணத்திலிருந்து அந்த மரத்துக்கு நீங்கள்தான் ஏறிக் கொத்தைக் கட்டுவீர்கள். அந்த வாரம் வருவதாகவும் எழுதியிருந்தீர்கள். அதனால் அவரை ஏறவிடவில்லை. “மவளே, பூவு உன் புருசனுக்காகக் காத்துக்கிட்டு நிக்காது. நாலஞ்சு நாளுதான்” என்றார். கொத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவிட்டேன். நீங்கள் வரவில்லை. உங்கள் பேராசிரியர் ஆராய்ச்சிக்காக இன்னும் ஒரு வருடம் அங்கேயே இருக்கச் சொன்னதாகக் கடிதம்தான் வந்தது.

ஆதிகாலத்தில் ஆணும் பெண்ணும் ஒரே பூவுக்குள் இருந்தன என்று அதில் எழுதியிருந்தீர்கள். பிறகு மரம் மரமாகப் பிரிந்தாலும், பெண் பூவுக்குள் ஆணின் மிச்சம் இன்னும் புள்ளி புள்ளியாக இருக்கிறதாம். மொட்டிலேயே அதை வளரவிடாமல் நிறுத்துவது எது என்றுதான் அங்கே தேடுகிறீர்களாம். நீங்கள் எழுதியது பூவைப் பற்றி. நான்தான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

நம் மரத்தின் ஒவ்வொரு பூவிலும் மூன்று பிஞ்சு உண்டு, உங்களுக்குத் தெரியாததா? ஆண் பூவின் தூள் விழுந்தால் ஒன்று வளரும், மற்ற இரண்டும் வழிவிட்டு வாடிவிடும். விழாவிட்டால் எதுவும் வழிவிடாது. இப்போது மரம் முழுக்க மூன்று மூன்றாக ஒட்டி நிற்கிறது. கொட்டையும் இல்லை, இனிப்பும் இல்லை. “மப்ரூகா, உன் மரம் ஆட்டுக்குன்னே காய்ச்சிருக்குடி” என்று வாய்க்காலில் பெண்கள் கேலி செய்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ஒன்றைப் பறித்து உறைக்குள் வைத்திருக்கிறேன். எங்கே பிசகியது என்று உங்கள் உருப்பெருக்கியில் பாருங்கள். எனக்கு அது தேவைப்படவில்லை.

மாமாவிடம் வாங்கிய கொத்தை உலர்த்தி, துணியில் சுற்றி, அடுப்படி உத்தரத்தில் கட்டியிருக்கிறேன். அடுத்த வசந்தம் வரை அதன் தூளில் உயிர் இருக்குமாம், அதற்கு மேல் தாங்காதாம். மாமா சொன்னார்.

இரவு பகலாகக் குனிந்து பார்க்கும் உங்கள் கண்களை இறைவன் காக்கட்டும். அடுத்த பாளை வெடிப்பதற்குள் வந்துவிடுங்கள். நானும் அதற்கு மேல் தாங்கமாட்டேன்.

உங்கள்
மப்ரூகா