நகரசபை இல்லை, மாநில செனட்

தின்கன்ஜூன், யாங்கோன், மியான்மர்

அன்பு மகன் ஜெரால்டுக்கு,

மாதா துணையால் நலம். நீயும் மருமகளும் சுகமா?

நேற்று வார்டு அதிகாரி, வீட்டில் யார் தங்கியிருக்கிறார்கள் என்று பார்க்க வந்தார். நீ பதவிப்பிரமாணம் எடுக்கும் படம் சுவரில் இருந்தது.

"செலின் அம்மா, மகன் அமெரிக்காவுல நகரசபை மெம்பரா?" என்றார்.

நான் சும்மா தலையாட்டியிருக்கலாம். "நகரசபை இல்லை, மாநில செனட். இரண்டு முறை ஜெயித்தவன்" என்று திருத்திவிட்டேன்.

"ஓகோ, நம்ம ராணுவத்தைப் பத்தி அங்கே பேசுறது அவர்தானா?" என்று சிரித்தார். டீயும் குடித்தார், பயப்படாதே.

வெள்ளிக்கிழமை மறுபடி வருவாராம். பேசுவதை நிறுத்தாதே, உன் பேச்சில் வரும் 'யாங்கோனில் இருக்கும் என் தாய்' என்பதை மட்டும் விட்டுவிடு. இருமல் மருந்து அனுப்பு.

தபாலை நம்பாமல், இன்று விமானம் ஏறும் பக்கத்து வீட்டு ரிஹானாவிடம் தருகிறேன். வாசலில் டாக்சி நிற்கிறது. ஞாயிறு பூசை முடிந்ததும் போன் செய். நான் எடுக்காவிட்டால், செனட்டில் என் பெயரையும் சொல்லிப் பேசு.

அம்மா