இன்று மதியம் உயர்ந்த கை

வேலையிலிருந்து வந்ததும் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். அப்படியும் விரல்களிலிருந்து தேங்காய் எண்ணெய் வாசம் போகவில்லை. காலையில் பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்கு இரட்டைச் சடை பின்னிவிட்டேன். தலை நிறைய எண்ணெய். ஆடுகோடி வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தபோது, கம்பியைப் பிடித்திருந்த கையிலிருந்து அந்த வாசம் முகத்துக்கு நேராக வந்துகொண்டிருந்தது. அதோடு நீயும் வந்தாய்.

உனக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுந்து போய் அடுப்பில் பாலை வைத்தேன், காய்வதற்குள் அணைத்தேன், மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறேன். சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்ணை அடிக்க இன்று மதியம் என் கை உயர்ந்தது. விழவில்லை. ஆனால் உயர்ந்தது. நாளைக் காலை பத்து மணிக்கு மேட்ரனுக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டும். என்ன பதில் என்பது இந்தக் கையைப் பொறுத்திருக்கிறது.

நீ போய் மூன்று வருடம் ஆகிறது, அதனால் விவரமாகவே எழுதுகிறேன். மருத்துவமனையில் தரச் சான்றிதழுக்கென்று தனிப் பிரிவு தொடங்கியிருக்கிறார்கள். எல்லா வார்டுகளின் கோப்புகளையும் சரிபார்க்க மூத்த நர்ஸ் ஒருவர் வேண்டும். மேசை, நாற்காலி, ஏசி, ஞாயிறு விடுமுறை. அதே நேரம் மிட்வைஃப் பயிற்சிக்கும் ஒருவரை அனுப்புகிறார்கள். ஒன்றரை வருடப் படிப்பு. முடித்து வந்தால், சிக்கல் இல்லாத பிரசவங்களை டாக்டருக்காகக் காத்திராமல் நாமே முன்னின்று பார்க்கலாம். இரண்டுக்கும் என் பெயரைத்தான் மேட்ரன் குறித்து வைத்திருக்கிறார். "நாப்பத்தஞ்சு ஆகப்போவுது உனக்கு. இன்னும் வயசானா பயிற்சிக்கு அனுப்ப மாட்டாங்க. டேபிள் வேலைதான் பேக்கா, வேணும்னா அதுவும் சரி. யோசனை மாடி, நல்லா யோசிச்சு நாளைக்குச் சொல்லும்மா" என்றார். கன்னடமும் தமிழுமாக அவர் பேசுவதை நீ கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு அப்படியே நடித்துக் காட்டுவாய்.

வீட்டில் இவர் ஒன்றுதான் கேட்டார். "டேபிள் வேலைன்னா ஞாயித்துக்கிழம சேந்து சாப்புடலாம் இல்ல?" அந்தக் கேள்வியில் தப்பு எதுவும் இல்லை.

நாம் இந்த வேலைக்கு வந்த கதையை நான் யாரிடமும் உள்ளபடி சொன்னதில்லை. சேவை செய்யும் ஆசையெல்லாம் எனக்கு இருக்கவில்லை. இரண்டு அறையில் ஏழு பேர் இருந்த வீட்டிலிருந்து வெளியே வர வேண்டும், அவ்வளவுதான். பி.காம். என்றால் வீட்டிலிருந்தே போய் வர வேண்டும். நர்சிங் என்றால் ஹாஸ்டல். பக்கத்துத் தெருவிலிருந்து நீ இரண்டு விண்ணப்பங்களோடு வந்து நின்றாய். அம்மா உன்னை உள்ளே கூப்பிடாமலே, "பீ மூத்திரம் அள்ற வேலைக்கா என் பொண்ண இஸ்துக்குனு போற?" என்று கேட்டாள்.

"ஆமா ஆன்ட்டி. உங்களுக்கு வயசானப்புறம் ஃப்ரீயா அள்ளுவா."

உள்ளே சவரம் செய்துகொண்டிருந்த அப்பா சிரித்துவிட்டார். கையெழுத்துக் கிடைத்தது. படி இறங்கும்போது, "ரெண்டு பேருக்கும் ஒரே ரூம் கேட்டுக்கலாம்டி" என்றாய். நான் அன்று தேர்ந்தெடுத்தது அந்த அறையை. பக்கத்துக் கட்டிலில் உன்னை. வேலை கூடவே வந்தது. இருபத்து இரண்டு வருடம் அதிலேயே நின்றுவிட்டேன். எனக்கு எது வேண்டும் என்று மேட்ரன்தான் முதல்முறையாகக் கேட்டிருக்கிறார்.

நடுவில் எழுந்து போய்க் கொடியிலிருந்த துணியைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் ஈரம்.

பிரசவ அறையில் நம் இருவருக்கும் ஒன்றாகவே வேலை போட்டார்கள். வலியோடு வருகிற பெண்களின் கூந்தலை இரண்டாகப் பிரித்துப் பின்னி, நுனியில் கட்டுப் போடும் காஸ் துணியைக் கிழித்துக் கட்ட வேண்டும். கொண்டை இருந்தால் மல்லாந்து படுக்க முடியாது. ஆபரேஷன் என்று ஆகிவிட்டால் தொப்பி மாட்டவும் சடைதான் வசதி. அது ஆயாம்மா செய்கிற வேலை. நீ அவர் கையிலிருந்து சீப்பை வாங்கிக்கொண்டு அந்தப் பெண்ணுக்குப் பின்னால் கட்டிலில் ஏறி உட்கார்ந்துவிடுவாய். பொம்மசந்திரா கம்பெனிகளில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்கள், எலெக்ட்ரானிக் சிட்டி அபார்ட்மென்ட்களில் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். தமிழோ, கன்னடமோ, இந்தியோ, உன் விரல் தலையில் பட்டதும் பேச ஆரம்பிப்பார்கள்.

"ஸ்கூலுக்கு அனுப்புற மாதிரி இருக்குது சிஸ்டர்" என்றாள் ஒருத்தி.

"ஆமா, ஹோம்வர்க் முடிச்சியா?" என்றாய்.

வலிக்கு நடுவே அவள் சிரித்தாள். எனக்கு எரிச்சலாக இருக்கும், ஏனென்றால் நீ பின்னி முடிக்கும் வரை உன் பங்குப் பதிவேட்டையும் நான்தான் எழுத வேண்டும். "பியூட்டி பார்லர் வெச்சிருக்க வேண்டியவ" என்று முணுமுணுப்பேன். "வெச்சா உனக்குத்தான் முதல் மொட்டை" என்பாய்.

பல வருடம் முந்திய அந்த ஒரு மதியத்தைப் பற்றி நாம் ஒரே ஒரு முறைதான் பேசியிருக்கிறோம். இரண்டு பிரசவ மேசையிலும் பெண்கள் இருந்தார்கள். என் மேசையில் இருந்தவள் ஒரு பேக்கிங் கம்பெனியில் வேலை செய்தவள், இருபது வயது இருக்கலாம். குழந்தையின் தலை தெரிகிற நேரத்தில் பயந்துபோய்த் தொடைகளை இறுக்கிக்கொண்டாள். குழந்தையின் துடிப்பு இறங்கிக்கொண்டிருந்தது. கெஞ்சினேன், கத்தினேன், பிறகு தொடையில் ஓங்கி அறைந்தேன். அவள் சட்டென்று அடங்கினாள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அரை மணி கழித்து அவள் என் கையைத் தொட்டு, "சாரி சிஸ்டர்" என்றாள். அடித்தவள் நான். மன்னிப்புக் கேட்டவள் அவள்.

அவளுக்குத் துணி மாற்றியபோது என் ஐந்து விரலும் தொடையில் பதிந்திருந்ததை நீ பார்த்துவிட்டாய். சாயங்காலம் எதிரே இருந்த டீக்கடையில், "குழந்தையைக் காப்பாத்தத்தானே" என்று நான் ஆரம்பித்தேன். நீ டீயை ஊதிக்கொண்டே இருந்தாய்.

"நானும் அடிச்சிருக்கேன்டி" என்றாய். "சேந்த முதல் வருஷம். கன்னத்துல. குழந்தைக்கு ஆபத்துகூட ஒண்ணும் இல்ல. எனக்கு டயர்டா இருந்துச்சு, அவ கத்துனா, அவ்ளோதான். யாருக்கும் தெரியாது. அதுக்கப்புறந்தான் ஜடை பின்ன ஆரம்பிச்சேன். தலையத் தொட்டுப் பின்னுன பொம்பளைய அடிக்க எனக்குக் கை வரல."

அதுவரை உன் கனிவு உன்னோடு பிறந்தது என்று நினைத்திருந்தேன். உனக்கு வரும், எனக்கு வராது என்று நினைத்துக்கொள்வது எவ்வளவு வசதியாக இருந்தது! அந்த வசதியை நீ ஒரு டம்ளர் டீ முடிவதற்குள் பிடுங்கிக்கொண்டாய். இரண்டு நாள் உன்னோடு சரியாகப் பேசவில்லை நான். சீப்பையும் தொடவில்லை.

பிறகு உனக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நான் வந்து பார்க்காத வாரம் கிடையாது. ஆனால் வந்தவுடன் கட்டில் முனையில் தொங்கும் ஃபைலை எடுத்துக்கொள்வேன். கிரியாட்டினின், பொட்டாசியம், எடை. எண்களைப் பார்த்துக்கொண்டே உன்னிடம் பேசுவேன். "ஏய், நான் இங்க படுத்திருக்கேன்டி. அதுக்குள்ள இல்ல" என்றாய் ஒரு நாள். நானும் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். கடைசி மாதம் உன் கால்கள் வீங்கியிருந்தன. உன் அக்கா உட்கார்ந்து பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். நான் கட்டைவிரலால் அழுத்தி, குழி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்தேன். அவ்வளவுதான் செய்தேன் உனக்கு.

நீ போன பிறகுதான் சீப்பை எடுத்தேன். மூன்று வருடமாகப் பின்னுகிறேன். உன் வேகமும் வராது, உன் பேச்சும் வராது. ஆனாலும் மூன்று வருடமாகக் கை சும்மா இருந்தது. சரியாகிவிட்டது என்றே நம்பிவிட்டேன்.

இன்று பின்னியும் உயர்ந்தது. சொல்லிக்கொள்ள ஒரு காரணமும் இல்லை. அந்தப் பெண் வலி தாங்காமல் என் முன்கையைப் பிடித்துப் பிறாண்டினாள். விடச் சொன்னேன், விடவில்லை. பக்கத்து மேசையிலிருந்து ரம்யா ஏதோ கேட்டாள். வேலைக்கு வந்து இரண்டு வருடமே ஆன பெண் அவள். எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவாள். எழுதுமேசையில் ஃபோன் அடித்தது. என் வலது கை தோளுக்கு மேலே போய் நின்றது. அங்கிருந்து அதை எப்படி இறக்குவது என்று தெரியாமல், மேலே இருந்த விளக்கைப் பிடித்துத் திருப்பினேன், வெளிச்சம் போதாததுபோல. கொஞ்ச நேரத்தில் குழந்தை பிறந்தது. பெண். அழுகை அறையைத் தூக்கியது.

உடை மாற்றும்போது முடிவு செய்துவிட்டேன், மேசை வேலைக்கே போய்விடலாம் என்று. அங்கே யார்மேலும் என் கை படாது. ரம்யாவிடம் சொன்னேன். "ஐயோ அக்கா, நீங்க அங்க போனா முதல்ல என் ஃபைலத்தான் கிழிப்பீங்க" என்றாள்.

கிளம்புவதற்கு முன் வார்டுக்குப் போனேன். அந்தப் பெண் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "மதியம் ஒரு நேரம் எனக்குக் கோவம் வந்துருச்சும்மா" என்று ஆரம்பித்தேன்.

"பாத்தேன் சிஸ்டர்" என்றாள். குரலில் குறையே இல்லை. "கை ஓங்குனீங்க. நான் கண்ண மூடிக்குனேன். எங்கம்மா சொல்லித்தான் அனுப்புச்சு. ஆஸ்பத்திரில ரெண்டு அடி வெப்பாங்க, பல்லக் கடிச்சிக்கோ, கொழந்த மூஞ்சிய பாத்தா மறந்துரும்னு." பிறகு நான் ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்டதுபோல் என்னைப் பார்த்தாள். "நீங்க அடிக்கவே இல்ல."

வெளியே வராந்தாவில் அவளுடைய அம்மா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டாள். என் வயதுதான் இருக்கும். மகளை எங்கே பெற்றாய், உன்னை அடித்தது யார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அங்கிருந்து பஸ் நிறுத்தம் வருவதற்குள் மேசை வேலை என் மனதைவிட்டுப் போய்விட்டது. நாளை பயிற்சிக்குத்தான் போகிறேன் என்று சொல்வேன். கை அடங்கிவிட்டதா என்றால், இல்லை. ஆனால் நான் கோப்புகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டாலும், அடி வாங்கத் தயாராகப் பல்லைக் கடித்துக்கொண்டு பெண்கள் அந்த அறைக்கு வந்துகொண்டுதான் இருப்பார்கள். அது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எனக்கு இறங்காது.

சற்று முன் ரம்யாவுக்கு ஃபோன் செய்தேன். "நாளையிலேருந்து என் கை மேல போச்சுன்னா வந்து புடிச்சுக்கோ" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். "சரிக்கா" என்றாள். "என் கையையும் நீங்க பாத்துக்குங்க."

நீ அன்று என்னிடம் சொன்னதை இத்தனை வருடமும் உன்னுடைய ரகசியம் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். உன் வீட்டாருக்குக்கூடத் தெரியாது. "நானும் அடிச்சிருக்கேன்." நாளை பத்து மணிக்கு மேட்ரன் முன்னால் நின்று, நான் அடித்ததை அதே வார்த்தையில் சொல்லப் போகிறேன். கேட்ட பிறகும் பயிற்சிக்கு அனுப்புவாரா, தெரியாது.