இருநூற்றுப் பதினாறு பக்கம், பிழை ஒன்றுமில்லை

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கையும் சுகம். அப்பாவின் முழங்கால் வலியும் என் முன்கோபமும் வைத்த இடத்தில் அப்படியே இருக்கின்றன. அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு இழுத்துப் போர்த்திக்கொண்டு, யார் சொன்ன பேச்சையும் கேட்காமல் நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நீ சரிம்மா சரிம்மா என்று இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுவாய், இது அப்படி முடிகிற விஷயம் இல்லை. என் வேலைக்கே உலை வைக்கிற காரியம் ஒன்று ஆபீஸில் நடந்துவிட்டது, அதில் உனக்கும் பங்கு இருக்கிறது. முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்.

எங்கள் பதிப்பக முதலாளிக்குப் புதிதாக ஒரு யோசனை உதித்தது. புத்தகக் கண்காட்சிக்கு அச்சடிக்கிற பட்டியலில் இந்த வருஷம், புத்தகத் தொழிலில் இருப்பவர்களே பரிந்துரைக்கும் புத்தகங்கள் என்று இரண்டு பக்கம் ஒதுக்கினார். ஆளுக்கு ஒரு புத்தகம், நாலு வரி, பக்கத்தில் சிரித்த முகத்தோடு புகைப்படம், எல்லாம் சனிக்கிழமைக்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் ஆபீஸில் புத்தகம் படிக்கிற லட்சணம் உனக்குத் தெரியாததா. பக்கம் அமைக்கிறவர் எழுத்துக்கு நடுவில் இருக்கிற இடைவெளியைப் பார்ப்பார், எழுத்தைப் பார்க்க மாட்டார். குடோன்காரருக்குப் புத்தகம் என்றால் கட்டுக்கு எத்தனை, எந்த அலமாரி. விற்பனைக்காரர் பின்னட்டையோடு சரி. ஒரு எழுத்து விடாமல் படிக்கிறவள் நான் ஒருத்திதான், அதுவும் புரூஃபுக்காகப் படிப்பது. கதாநாயகி கடைசியில் என்ன ஆனாள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, அவள் பெயரில் எத்தனை இடத்தில் புள்ளி விட்டுப்போனது என்று கேட்டால் சொல்வேன். அந்த வாரம் முழுக்க ஆளாளுக்கு என் மேஜைக்கு வந்து, அக்கா நல்லதா ஒண்ணு சொல்லுங்களேன், நீங்கதான் எல்லாம் படிச்சவங்க என்று நச்சரித்தார்கள். எரிச்சல் தாங்காமல், தாள் பறக்காதபடி மேஜையில் பாரத்துக்கு வைத்திருந்த புத்தகத்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதி, இருபத்தாறு வருஷத்தில் நான் கண்ட பிழையே இல்லாத ஒரே புத்தகம் இது என்று கிறுக்கி முதலாளி மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

அது உன் புத்தகம். முழிக்காதே, சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் எட்டு அத்தியாயம் எழுதி என்னிடம் படிக்கக் கொடுத்தாய் அல்லவா, அப்போது உன் பிறந்தநாளுக்கு ஆகட்டும் என்று பைண்டிங்காரரிடம் சொல்லி உனக்குத் தெரியாமல் ஒரு டம்மி கட்டி வைத்தேன். அட்டையும் முதுகும் சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பதற்கு அச்சடிக்காத வெறும் தாளை வைத்துக் கட்டுவார்களே, அது. இருநூற்றுப் பதினாறு பக்கமும் வெள்ளை. அட்டையில் மட்டும் நீ வைத்த தலைப்பு, படிக்கட்டில் நின்ற பீரோ, அடியில் எங்கள் பதிப்பகத்தின் பெயர். எழுதினவர் பேர் என்னம்மா என்று அட்டை வரைகிறவர் கேட்டபோது வீட்டு ஞாபகத்தில் பெரியவன் என்றேன், மனுஷர் அதையே போட்டுவிட்டார். அதற்குள் நீ மீதிக் கதையை எழுதாமலே எழுத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டாய். பைண்டிங்காரரும் அட்டை வரைகிறவரும் வேறு இடம் போய்விட்டார்கள். புத்தகம் என் மேஜையில் தாளுக்குக் காவல் இருந்தது.

நான் லேசில் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் என் சீட்டைப் பார்த்ததும் அத்தனை பேரும் அதே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பக்கம் அமைக்கிறவர், கண்ணை உறுத்தாத பக்கங்கள் என்று எழுதினார். விற்பனைக்காரர் ஒரே மூச்சில் படித்து முடித்தாராம். போன் எடுக்கிற பெண் கடைசிப் பக்கத்தில் அழுதுவிட்டாளாம். தேவையில்லாத சொல் ஒன்றுகூட இல்லாத நூல் என்று முதலாளியே எழுதினார். குடோன்காரர் ஒருவர்தான் யோக்கியர், எடுத்துத் திறந்து பார்த்தார். நாலைந்து பக்கம் புரட்டினார், என்னைப் பார்த்தார், இப்பல்லாம் இப்படித்தான் எழுதறாங்க போல என்று சொல்லிவிட்டு, படிக்கப் படிக்க மனதுக்கு அமைதி தருகிறது என்று எழுதிக் கொடுத்தார். நீ ஏன் தடுக்கவில்லை என்பாய். முதல் நாள் சிரிப்பு வந்தது, இரண்டாம் நாள் பயம் வந்தது, மூன்றாம் நாள் பட்டியலின் புரூஃபே என்னிடம் வந்தது. இரண்டு ஒற்றுப்பிழை திருத்தி அனுப்பினேன். உன் தலைப்பை அச்சில் பார்க்க ஆசையாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்.

அப்புறம் பிடித்தது சனியன். கண்காட்சியில் வந்தவர்கள் எல்லாம் பீரோவைக் கேட்டார்கள். ஒரு நூலகத்திலிருந்து, எங்கள் பிரதியை யாரோ எடுத்துப் போய்த் திருப்பித் தரவில்லை, இன்னொன்று அனுப்பவும் என்று கடிதம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், மதிப்பிற்குரிய பெரியவர் அவர்களுக்கு என்று உனக்கே எழுதியிருக்கிறார், முதல் பாதி அபாரம், பின்பாதியில் கொஞ்சம் தொய்வாம். உன் அத்தையிடம் பேச்சுவாக்கில் சொன்னால், அதை நான் எப்பவோ படிச்சாச்சு, பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுத்திருக்கேன் என்கிறாள். நம்ம புத்தகம் நம்மகிட்டயே இல்லையா என்று முதலாளி இரண்டு நாள் குடோனைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினார். கடைசியில் என் மேஜைக்கு வந்து அந்த ஒரு பிரதியை எடுத்தார். நின்றபடியே இருநூற்றுப் பதினாறு பக்கத்தையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். இதுல எழுத்து எங்கம்மா என்றார். எழுதினவனிடம் இருக்கிறது, அவன் என் மகன் என்றேன். உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் பதிப்பு தீர்ந்துபோச்சுன்னு போர்டு வைக்கச் சொல்லிட்டேன், ரெண்டாம் பதிப்புக்கு மூணு மாசத்துல உங்க பையன்கிட்ட முழுசா எழுதி வாங்கிக் கொடுத்துடுங்க, இல்லேன்னா நாம அத்தனை பேரும் கோமாளி, நீங்களும் வேற இடம் பார்த்துக்க வேண்டியதுதான் என்றார்.

ஆனால் என் வேலைக்காக உன்னைக் கெஞ்சுகிறேன் என்று நினைக்காதே. வேலை போனால் அப்பாவோடு உட்கார்ந்து பேப்பரில் வானிலை அறிக்கை படிக்கிறேன். போன வாரம் இதை உன் தங்கையிடம் சொன்னபோது, அண்ணன் எழுத மாட்டான்மா, நீ பன்னிரண்டாம் பக்கத்தோட தூக்கிப் போட்டுட்டேன்னு அவனுக்கு மனசு விட்டுப்போச்சு என்றாள். நீ எழுதிக் கொடுத்த தாள்களில் முதல் பக்கத்தில் நாற்பத்தொரு இடத்தில் சிவப்பு மை, பன்னிரண்டு பக்கம் வரை அதே ரத்தக்களரி, அதற்குமேல் ஒரு கீறல் இல்லை. அதைப் பார்த்துவிட்டு, அம்மா வெறுத்துப்போய் மூடிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாயாமே. அட மடையா, பன்னிரண்டாம் பக்கத்தில்தானே பீரோ படிக்கட்டில் சிக்கிக்கொள்கிறது. மேலே அண்ணன், கீழே தம்பி, பதினோரு வருஷமாக முகம் பார்க்காத இரண்டு பேரும் பீரோவை நடுவில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பிக்கிறார்கள். நான் பஸ்ஸில் படித்துக்கொண்டிருந்தேன். இறங்கவேண்டிய நிறுத்தம் போனது தெரியவில்லை. கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் வந்து கூப்பிட்டபோது எட்டு அத்தியாயமும் முடிந்திருந்தது, கையில் பேனா மூடி திறந்தபடி காய்ந்துபோயிருந்தது. இருபத்தாறு வருஷத்தில் நான் பிழை பார்க்க மறந்தது அன்று ஒரு நாள்தான். புரூஃப் பார்க்கிறவளுக்கு அது மானக்கேடாகப் பட்டது, அதனால் வீட்டுக்கு வந்து முதல் பக்கத்திலேயே நாற்பத்தொரு பிழை என்று மட்டும் சொன்னேன். மறுநாள் போய் டம்மி கட்டச் சொன்னவளுக்கு, உன்னிடம் வாயைத் திறந்து நன்றாக இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. தப்பு என்னுடையதுதான். மூன்று வருஷம் தாமதமாகச் சொல்கிறேன், நன்றாக இருக்கிறது.

டம்மியை இத்துடன் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வெள்ளையாகத்தான் இருக்கிறது, அதிலேயே எழுது, ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு எழுது, ஒற்று விட்டாலும் பரவாயில்லை. சிவப்புப் பேனாவைப் பரண் மேல் போட்டுவிட்டேன், அப்பாவின் முழங்கால் சரியாகிற வரைக்கும் அதை யாரும் இறக்க முடியாது. உடம்பைப் பார்த்துக்கொள், நீ நினைத்தது எல்லாம் நடந்து நூறு வயது நன்றாக இருக்கவேண்டும். புத்தகம் முடிய மூன்று மாதம் ஆனால் ஆகட்டும். பீரோ கடைசியில் கீழே இறங்கியதா இல்லையா என்று மட்டும் எனக்கு முதலில் ஒரு வரி எழுதிப் போடு.

இப்படிக்கு,
உன் முதல் பதிப்பு முழுவதையும் படித்த
அம்மா