உங்கள் துரையின் வீங்கிய கன்னம்

என் செல்ல அப்பாவுக்கு,

கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். அப்படியும் நாற்றம் போகவில்லை. நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து இந்தக் காகிதத்தை மோந்து பார்க்க முடியுமென்றால், தயவுசெய்து பார்க்காதீர்கள்.

இறந்துபோன அப்பாவுக்கு மகள் எழுதினால் அதில் பூவும் மெழுகுவர்த்தியும் கண்ணீரும் இருக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். உங்கள் முதலாண்டுப் பூசைக்கு வந்த சொந்தக்காரர்கள் அதையெல்லாம் குறைவில்லாமல் செய்துவிட்டுப் போனார்கள். எனக்கு உங்களிடம் சொல்ல இருப்பது சீழைப் பற்றி. உங்கள் துரையின் கன்னத்தில் வந்த சீழ்.

ஒரு சீமைப் பெருச்சாளிக்குத் துரை என்று பெயர் வைத்த ஆள் இந்தப் பினாங்கில் நீங்கள் ஒருவராகத்தான் இருக்க முடியும். உங்கள் கப்பல் ஆபீஸ் துரை குடும்பத்தோடு சீமைக்குத் திரும்பியபோது, கூடக் கொண்டுபோக முடியாமல் அவருடைய பெண் அழுதுகொண்டே உங்கள் கையில் கொடுத்த பிராணி. பகலெல்லாம் அந்தத் துரைக்கு எஸ் சார் போட்டுவிட்டு, சாயந்தரம் வீட்டுக்கு வந்து இந்தத் துரையை நீங்கள் அதட்டுவீர்கள், வேலையெல்லாம் முடிந்ததா, ஏன் இன்னும் தூங்குகிறாய் என்று. அதற்கு வாலும் கிடையாது, வெட்கமும் கிடையாது. தின்ற இடத்திலேயே உருட்டி உருட்டிப் போட்டுவிட்டு, அதன்மேலேயே படுத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா அதைத் திக்குஸ் பெலாண்டா என்பார்கள், ஒல்லாந்து எலி. எனக்கும் அது எலிதான்.

நான் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரியாதா? மீன் செவுளைக் கண்டாலே எனக்கு வயிற்றைப் புரட்டும். அம்மா போன பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஆபீஸ் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பின்கட்டில் குந்தி மீன் கழுவியது நீங்கள்தான். மணக்க மணக்கக் குழம்பு வைப்பது மட்டும் என் வேலை. ஊசி வேலை டீச்சருக்கு நூல் சுத்தமாக இருக்க வேண்டும், கையும் சுத்தமாக இருக்கட்டும் என்று சிரிப்பீர்கள். நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் மீன் வாங்கவே இல்லை. அப்படிப்பட்ட என்னிடம்தான் அந்தக் கூண்டை விட்டுவிட்டுப் போனீர்கள்.

எனக்குத் துணையாக இருக்கப் புக்கிட் மெர்த்தாஜாமிலிருந்து அத்தை வந்துவிட்டார்கள். உங்கள் அக்காவை நான் உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. ஜெபமாலை, வெள்ளைச் சேலை, எல்லாவற்றுக்கும் ஒரு முகச்சுளிப்பு. துரையை முதல் நாளே பிடிக்கவில்லை. முக்கியமாக அதன் சாயந்தரச் சீட்டியை.

அந்தச் சீட்டி உங்களுக்கு நினைவிருக்கும். காங்கோங் கீரையைச் செய்தித்தாளில் சுருட்டிக்கொண்டு நீங்கள் வாசலோரத்து அஞ்சடி நடைபாதையில் நடந்து வரும் நேரத்துக்கு, அது கூண்டுக் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வீடே கேட்கும்படி சீட்டியடிக்கும். நீங்கள் போன பிறகும் அது நிற்கவில்லை. அதே நேரம், அதே மாதிரி, தெருப்பக்கம் பார்த்துக்கொண்டு. அத்தை காதைப் பொத்திக்கொண்டு சிலுவை போட்டுக்கொள்வார்கள். உள்ளதைச் சொன்னால், கையிலிருக்கும் தையலை நிறுத்திவிட்டு வாசல் பக்கம் பார்ப்பேன். வந்தீர்களா அப்பா?

சில மாதம் கழித்து அத்தை என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். காரணம் தெரியவில்லை. சோற்றுத் தட்டை டமாரென்று வைப்பார்கள். சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்வார்கள். ஊர் ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் துரையின் இடது கன்னம் உப்பியது. முதலில், கீரையை அடக்கி வைத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு எலுமிச்சங்காய் அளவுக்கு வந்துவிட்டது. வாயோரம் எச்சில் வழிந்து மார்பு மயிரெல்லாம் சடை பிடித்தது. நான் அளவுகோலின் நுனியால் தொட்டுப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. தீனியை வாயில் எடுத்துக் கீழே போட்டது. சீட்டியும் நின்றுபோயிற்று.

வீடு அப்படி அமைதியாகும் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் போன அன்றுகூட இவ்வளவு அமைதி இல்லை. அன்று வீடு நிறைய ஆள். சாயந்தரம் வரும், போகும், ஒரு சத்தமும் இருக்காது. அப்போதுதான், இந்த அசிங்கம் பிடித்த பிராணி செத்துப்போகக் கூடாது என்று முடிவு செய்தேன். பிரியத்தால் அல்ல. உங்களை இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது இந்த வீட்டில் அது ஒன்றுதான்.

கூடையில் வைத்து ரிக்‌ஷா பிடித்து மாட்டு டாக்டரிடம் போனேன். டாக்டர் இல்லை. மூக்குப்பொடி போட்டுக்கொண்டிருந்த உதவியாள், கழுத்தைத் திருகி லோங்காங் சாக்கடையில் போட்டுவிட்டுப் போகச் சொன்னான். சொல்லிவிட்டுப் பொடி விரலைத் துரையின் முதுகிலேயே துடைத்தான். அவனைவிடத் துரை சுத்தம்.

உங்கள் சிநேகிதர், அந்த ரிட்டயரான ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் மாமா, வந்து பார்த்தார். எலிக்குக் கத்தி எடுத்தால் ஊர் சிரிக்கும் என்று சொல்லிவிட்டார். வெற்றிலைச் சுண்ணாம்பு விரலால் கன்னத்தை அமுக்கிப் பார்த்து, சூடாக ஒத்தடம் கொடுத்தால் தானே பழுத்து உடையும், பிறகு பெர்மாங்கனேட் தண்ணீரில் கழுவு என்றார். அதே விரலால் நான் வைத்த முறுக்கை எடுத்துத் தின்றார். நான் மாடத்து மாதா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரிசி மாவைக் களி கிண்டித் துணியில் பொதிந்து ஒத்தடம் கொடுத்தேன். அது உடைந்தது என் மடியில்தான். பள்ளிக்கூடத்துக்கு உடுத்தும் சேலையில். கெட்டுப்போன பாலாடை மாதிரி கட்டியாக, பச்சையாக வந்தது. அந்த வீச்சம் இருக்கிறதே அப்பா, பாசாரில் மீந்து அழுகிப்போன நண்டு தோற்றுவிடும். துரையைக் கூடையில் போட்டுவிட்டு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்து பார்த்தால் அது என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, நான்தான் ஏதோ அநாகரிகமாக நடந்துகொண்ட மாதிரி.

அடுத்த நாளே பொருக்குத் தட்டிவிட்டது. ஆறிவிட்டது என்று அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். கொஞ்ச நாளில் மறுபடியும் வீக்கம், முன்னைவிடப் பெரிதாக. மேலே மூடிக்கொண்டு உள்ளே அழுகுகிறது, மூட விடாதே என்று டிரஸ்ஸர் மாமா வாசலில் நின்றபடியே சத்தம் போட்டுவிட்டுப் போனார். அதிலிருந்து காலையும் மாலையும் ஒரே வேலை. பொருக்கை ஊறவைத்துப் பிய்க்க வேண்டும். அமுக்க வேண்டும். ஊதாத் தண்ணீரில் கழுவ வேண்டும். அது வீறிடும். நான் மூக்கில் துணி கட்டிக்கொண்டு அழுவேன். பிறகு உங்கள் பேனாவுக்கு மை ஊற்றும் கண்ணாடிக் குழாயில், பப்பாளியையும் கஞ்சியையும் கரைத்து ஊட்ட வேண்டும். பாதியை என் முகத்தில் துப்பும்.

அன்பு இருந்தால் அருவருப்புப் போய்விடும் என்று கோயிலில் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். பொய். ஒரு நாளும் போகவில்லை.

இதற்கு நடுவில் அத்தை சுவரிடம் சொல்லிவிட்டார்கள், முதலாண்டுப் பூசைக்குச் சாமியாரும் சனங்களும் வருவதற்குள் அது இந்த வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று. சீழ் நாறுகிற வீட்டில் யார் கை நனைப்பார்கள் என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. எனக்கே அந்த நாற்றத்தில் சோறு இறங்கவில்லை.

பூசைக்கு முந்தின வாரம், அமுக்கும்போது புண்ணுக்குள் மீன்முள் மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. தையல் பெட்டியிலிருந்த சாமணத்தை எடுத்து வந்து பிடித்து இழுத்தேன். சுண்டு விரலில் பாதி நீளம் வந்தது. கழுவாமலே தெரிந்துவிட்டது. தென்னை ஈர்க்கு. அதில் கொஞ்சம் சிவப்பு நூல்.

குருத்தோலைத் திருநாளுக்கு ஓலைச் சிலுவை முடையும்போது, தொங்கிப்போகாமல் இருக்க உள்ளே ஈர்க்கு வைத்து நடுவில் சிவப்பு நூல் கட்டுவது நம் குடும்பத்தில் அத்தை ஒருவர்தானே? உங்கள் கட்டிலுக்கு மேல் மாட்டியிருந்த சிலுவையைப் போய்ப் பார்த்தேன். ஆணி இருந்தது. சிலுவை இல்லை.

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. அந்த ஈர்க்கைச் சீழோடு ஒரு சாஸரில் வைத்து, காப்பி குடித்துக்கொண்டிருந்த அத்தையின் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

"அத்தை, இது யாரு வேலை?"

அத்தை குனிந்து பார்த்தார்கள். பல வாரத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். "அப்ப நீ தூக்கிப் போடலையா?"

"எதை?"

"கூண்டுல கட்டுன சிலுவைய. மறுநாளே காணோம். மந்திரிச்ச ஓலைன்னுகூடப் பார்க்காம நீ குப்பையில போட்டுட்டேன்னுல்ல நெனச்சேன்."

அதுதான் அவர்களுடைய கோபம். துரை சிலுவையைத் தின்றிருக்கிறது. ஈர்க்கு கன்னத்தில் குத்தி உள்ளேயே தங்கியிருக்கிறது. பழி என் மேல் விழுந்து, அத்தை என்னோடு பேசாமல் இருந்திருக்கிறார்கள். எதற்குக் கட்டினீர்கள் என்று கேட்டேன். காப்பியைத் தள்ளி வைத்தார்கள்.

"நித்தம் சாயந்தரமானா அது அவனக் கூப்பிடுது ஞானப்பூ. இப்படிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா அவன் எப்படி மோட்சம் போவான்? உத்தரிக்கிற ஸ்தலத்துல நின்னு திரும்பித் திரும்பிப் பார்ப்பான். சின்னப் பிள்ளையிலயே அவன் அப்படித்தான். அதான் அவன் சிலுவையவே எடுத்துக் கட்டுனேன்."

இப்போது இதை எங்கே எறிவது என்று அவர்களைக் கேட்கத்தான் நான் போயிருந்தேன். மந்திரித்த ஓலையைக் குப்பையில் போடக் கூடாது, சீழை வீட்டில் வைக்கக் கூடாது, முழிக்கட்டும் என்று நினைத்தேன். அத்தை முழிக்கவில்லை. அந்த ஈர்க்கை வெறுங்கையால் எடுத்தார்கள். சேலைத் தலைப்பில் துடைத்தார்கள். கண்ணில் ஒற்றி, உதட்டில் வைத்து முத்தி செய்தார்கள்.

மறுபடியும் பின்கட்டுக்கு ஓடினேன். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தபோது, அத்தை அடுப்பில் அதை எரித்துச் சாம்பலை ரோஜாத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். விபூதித் திருநாளுக்குச் செய்கிற மாதிரி, பயபக்தியோடு. பிறகு கூண்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இந்த எலியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று கேட்டார்கள்.

அன்றிலிருந்து உங்கள் பழைய துண்டில் சுற்றிப் பிடிப்பது அத்தை, கழுவுவது நான். அமுக்கும்போதெல்லாம் அத்தை மாதாவின் பிரியதத்த மந்திரத்தை உரக்கச் சொல்வார்கள். துரையின் வீறிடலும் அதுவும் சேர்ந்து கேட்கச் சகிக்காது. ஆனால் புண் அடியிலிருந்து சிவந்து நிறைந்து வருகிறது. பூசைக்குச் சாமியார் வந்தார், சனங்கள் வந்தார்கள், எல்லாரும் கை நனைத்தார்கள். கூண்டு சமையல்கட்டிலேயே இருந்தது.

நேற்று சாயந்தரம் சீட்டி கேட்டது.

நான் ஊசியைக் கீழே போட்டுவிட்டேன். எனக்கு முன்னால் அத்தை எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு, அஞ்சடிப் பக்கமாக மெதுவாகச் சொன்னார்கள். "தம்பி, அத நாங்க பாத்துக்கறோம். நீ போய்யா."

நான் அவர்கள் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். என் கண் திறந்திருந்தது. நம் வாசல் தூணோரம் கச்சாங் பூத்தே விற்கிற அண்ணன், தினமும் இந்த நேரத்துக்குச் செய்வது போலக் கடலைத் தட்டை இறக்கி வைத்துவிட்டு, பொட்டலம் மடிக்கச் செய்தித்தாளைக் கிழித்துக்கொண்டிருந்தார். சர்ரென்று ஒரு தாள் கிழியும். உள்ளே துரை சீட்டியடிக்கும். இன்னொரு தாள், இன்னொரு சீட்டி. கீரை பிரிக்கிற சத்தம் என்று நினைத்திருக்கிறது அந்தத் தின்னிப்பண்டாரம். வருஷம் முழுக்க நானும் அத்தையும் எதற்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது, சீழைவிட அது எனக்கு அதிகம் குமட்டியது. உங்கள் காலத்திலும் இதே கதைதானா? கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அத்தையிடம் இதைச் சொல்லமாட்டேன். நேற்று ராத்திரி அவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். புண் முழுக்க மூடும்வரை துரையின் முகத்தை நான் கழுவுவேன், மூடிய பிறகு உங்கள் நேரத்துக்குக் கீரை வைப்பேன். இது சத்தியம். அதைப் பிடிக்கும் என்று மட்டும் சொல்லச் சொல்லாதீர்கள்.

இன்னொன்று. இன்று வெள்ளிக்கிழமை. பாசாரில் கெம்போங் மீன் வாங்கி வந்து, பின்கட்டில் நீங்கள் குந்துகிற இடத்தில் குந்தி, செவுளை நானே பிய்த்துக் கழுவினேன். கண்றாவிதான். இருந்தாலும் முடித்துவிட்டேன். நீங்கள் போகலாம் அப்பா. மீன் கழுவ இங்கே ஆள் இருக்கிறது.

முகத்தைச் சுளித்துக்கொண்டே,
உங்கள் மகள்
ஞானப்பூ