மியோங்ஜு அக்காவின் பத்து நிமிடம்

சியோல்,
நவம்பர் 12.

அன்புள்ள அப்பாவுக்கு, சோல்பி வணக்கத்துடன் எழுதுவது. நம் ஊர் மோக்போவில் குளிர் வந்துவிட்டதா? உங்கள் முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை. தூக்கம்தான் சரியில்லை.

சனிக்கிழமை எங்கள் நாடக எழுத்துப் பயிலரங்கில், என்னோடு பயிலும் மியோங்ஜு அக்கா எழுதிய பத்து நிமிடக் குறுநாடகம் நடந்தது. சொதப்பட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். இறந்துபோன தம்பியின் அலமாரியை இரண்டு அண்ணன்கள் மாடிக்குத் தூக்குகிறார்கள். அது படிக்கட்டில் சிக்கிக்கொள்கிறது. பேசாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிடுகிறார்கள். அவ்வளவுதான் நாடகம். முடிந்ததும் நான் ஒருத்தி மட்டும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தேன்.

வெளியே அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, கிண்டல் பண்றியா? மூணு மாசத்துல யாரோடதையாவது நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கியா நீ?"

"இல்லக்கா. இதை நான் எழுதலையேன்னு வயிறு எரியுது."

அவள் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "காலைல இதைக் கிழிச்சுப் போட இருந்தேண்டி."

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என் நாடகத்தை முதல் பக்கத்திலிருந்து மாற்றி எழுதுகிறேன். அது மேடையேற இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது.

அம்மாவிடம் சொல்லிக் கொஞ்சம் நெத்திலிக் கருவாடும் கம்பளிக் காலுறையும் அனுப்புங்கள். முடிந்தால் நீங்களே கொண்டுவாருங்கள், நாடகத்தையும் பார்க்கலாம். ஒத்திகைக்குக் கூப்பிடுகிறார்கள், இத்துடன் முடிக்கிறேன். அப்பா, நாடகம் பிடித்திருந்தால் வழக்கம்போல ஊருக்குப் போய் அம்மாவிடம் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். என்னிடமே சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகள்,
சோல்பி