மலைமேல் சும்மா இருக்கப் போனவர்கள்

மொட்டை மாடியில் கூடாரத்தை விரித்துப் போட்டிருக்கிறேன். மழைக்காலம் முழுக்கச் சுருட்டியே கிடந்ததால் பூஞ்சணமும் விறகுப்புகையும் கலந்து ஒரு நாற்றம். வாசனை என்று எழுதினால் நீ சிரிப்பாய். இதை இன்னும் எதற்கு வைத்திருக்கிறாய், அவளே போய்விட்டாள், யாருக்காவது கொடுத்துவிடு என்கிறார் என் அண்ணன். காயட்டும் என்று மட்டும் சொன்னேன்.

உன் சாவு வீட்டில் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். மலைக்குளிரில் படுத்துப் படுத்துத்தான் உனக்கு நோய் வந்ததென்று உன் கணவரின் அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். சிறுநீரகம் கெட்டதற்குக் குளிர் காரணமில்லை என்று டொக்டர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அதை நான் அங்கேயே சொன்னேன். எனக்கு வாய் நீளம் என்றார்கள். நீளமாகவே இருக்கட்டும்.

நாம் இருவரும் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் பிறந்தவர்கள். படித்து, கண்டியில் வேலைக்கு வந்து, நாற்பதைத் தாண்டிய பிறகுதான் நீ இந்தக் கூடாரத்தை வாங்கினாய். யார் யாரோ விமானம் ஏறி வந்து நம் மலையில் படுத்துவிட்டுப் போகிறார்கள், நமக்கு மட்டும் என்ன கேடு என்று கேட்டாய். முதல் பயணத்தில் தலையணை, பானை, பாய் எல்லாம் சுமந்தோம். அம்மிக்கல் ஒன்றுதான் குறை. கூடாரம் போடும் முகாமின் வாசலில் நின்ற காவல்காரர் நம்மைக் கண்டதும், விறகு பொறுக்க உள்ளே விடமாட்டோம் என்றார். அவரும் தோட்டத்து ஆள்தான். நமக்கு முன்னால் போன வெள்ளைக்காரப் பெண்களை அவர் ஒன்றும் கேட்கவில்லை. நீ சுமையைக்கூட இறக்கவில்லை.

"வெறகுக்கு வரலங்க. சும்மா இருக்க வந்திருக்கோம்."

அவருக்கு அது விளங்கவே இல்லை. ஆனாலும் வழி விட்டார்.

மறுநாள் விடியலில் கீழே தோட்டத்தில் பெரட்டுக்குச் சங்கு ஊதியது. வேலைக்கு ஆள் கூட்டிப் பேர் பதிய ஊதும் அந்தச் சத்தம் கேட்டதும் இருவரும் அரைத்தூக்கத்தில் எழுந்து பாயைச் சுருட்டத் தொடங்கிவிட்டோம். பிந்திப் போனதற்காக நம் அம்மாமார் வாங்கிய ஏச்செல்லாம் நம் உடம்பிலேயே தங்கியிருந்திருக்கிறது. நீதான் முதலில் சுதாரித்து என் கையைப் பிடித்தாய்.

"படுடி. இன்னைக்கு நமக்கு பேரு போட யாரும் இல்ல."

வெயில் ஏறும்வரை படுத்துக் கிடந்தோம். என் அம்மா அந்த மலையில் ஒரு நாளும் சும்மா உட்கார்ந்ததில்லை. அவருக்கும் சேர்த்துத்தான் அன்று படுத்துக்கிடந்தேன். அதில் எனக்கு வெட்கமே இல்லை. அதன்பிறகு தெல்தெனியப் பக்கம் நீர்த்தேக்கக் கரையில் எத்தனை சனிக்கிழமைகள் சோறு பொங்கித் தின்றோம்!

இனித் துணையில்லாமல் எப்படிப் போவாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். இந்தச் சனிக்கிழமை போகிறேன் என்று நேற்றுச் சொல்லிவிட்டேன். அண்ணன் எழுந்து போனார். பின்னேரம் உன் மகள் போனில் கோல் எடுத்தாள். அவளும் வருகிறாளாம். வீட்டில் கேட்டாயா என்றேன். அவளுடைய அத்தை என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாதா?

"கேக்கல சித்தி. சொல்லிட்டேன்."

அவள் பின்வாங்கவில்லை.

நீ வழக்கமாகச் சுமக்கும் கூடாரக் கம்பிகளைத் தான் தூக்குவதாகச் சொன்னாள். முடியாது என்றேன். அவள் சோற்றுப் பானையைத் தூக்கட்டும். உன் சுமையை நான் யாருக்கும் கொடுக்கமாட்டேன்.